தசைநோவுக்கு வெம்மையும் தண்மையும்: ஒத்தடத்தின் நெடிய வரலாறு

ரமலானின் முதல் சில இரவுகளில், நெடிய தொழுகைக்குப் பின் கெண்டைக்கால் இறுகி, இடுப்பு கனத்து வீடு திரும்புவோர் நம்மிடையே பலர். ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்து பழகிய உடல் திடீரென்று நெடுநேர நிலையையும் ருகூவையும் ஸுஜூதையும் எதிர்கொள்ளும்போது தசைகள் முறையிடத்தான் செய்யும். அப்போது வீட்டில் இரு குரல்கள் எழுகின்றன. உம்மம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள். கல்லூரியில் பயிலும் பேரனோ குளிர்பெட்டியைத் திறந்து பனிக்கட்டியை எடுக்கிறான். பேரனின் அறிவுரை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1978இல். உம்மம்மாவின் அறிவுரைக்கு வயது ஈராயிரத்தைத் தாண்டும். வயதைக் கொண்டு மட்டும் எதையும் ஏற்கவோ தள்ளவோ முடியாது என்பதால், இரண்டும் வந்த வழியைச் சற்று நின்று பார்ப்போம்.

உப்பு ஒத்தடத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று கிரேக்கத்தில் இருக்கிறது. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள், கடும் நோய்களில் உணவும் பேணுதலும் எவ்வாறு இருக்க வேண்டும் என்று கூறும் நூலில், விலாவலிக்கு ஒத்தடம் கொடுக்கும் முறைகள் விரிவாக உள்ளன. வெந்நீரைத் தோல்பையிலோ விலங்கின் சிறுநீர்ப்பையிலோ செம்புக் கலத்திலோ நிரப்பி வைக்கலாம். வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த கடற்பஞ்சை வைக்கலாம். உலர் ஒத்தடம் வேண்டுமெனில் உப்பையோ சிறுதானியத்தையோ வறுத்துக் கம்பளிப் பையில் இட்டு வைக்கலாம். சிறுதானியம் கனமற்றது, இதமானது என்ற குறிப்பும் அங்கே உண்டு. நம் அடுப்படியில் தவிட்டை வறுத்துக் கிழியாகக் கட்டும்போது நாம் செய்வதும் ஏறத்தாழ இதையே. ஆனால் கிரேக்கரிடமிருந்துதான் இது நம்மிடம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்பும் உப்பும் துணியும் உள்ள எந்த நாட்டிலும் தானே தோன்றக்கூடிய மருந்து இது. சித்த மருத்துவம் வகுக்கும் 32 புறமருத்துவ முறைகளுள் ஒற்றடம், வேது, பொட்டணம், தொக்கணம் ஆகியன தனித்தனியே பெயர் பெற்று நிற்கின்றன.

கிரேக்க மரபில் தசைநோவைத் தனியே ஆராய்ந்தவர் ஜாலீனூஸ் என்று அரபு நூல்கள் அழைக்கும் கேலன். கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்த அவர், தொடக்க காலத்தில் அவ்வூரின் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராக இருந்தார். ஆடுகளத்தில் நாள்தோறும் உடலை வருத்துவோரிடையே பணியாற்றியவருக்கு, உழைப்பால் வரும் நோவின் வகைகளைக் காண வாய்ப்புக்குக் குறைவேது! உடல்நலம் காத்தல் பற்றிய அவருடைய நூல் களைப்பின் வகைகளையும், அவற்றுக்கான தேய்ப்பு, எண்ணெய், குளியல் ஆகியவற்றையும் நிறைவாகப் பேசுகிறது.

இந்த அறிவு அரபு மொழியை அடைந்தது ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில். அதில் பெரும்பங்கு ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) என்ற கிறிஸ்தவ அறிஞருடையது. கேலனின் 129 நூல்களைப் பற்றி, எது எம்மொழியில் யாரால் பெயர்க்கப்பட்டது என்ற விவரத்துடன் அவர் எழுதி வைத்த பட்டியல் இன்றும் நம்மிடம் உள்ளது. கிரேக்கர் எழுதியதை ஒரு கிறிஸ்தவர் பெயர்த்துத் தர, முஸ்லிம் கலீஃபாக்களின் ஆதரவில் அது வளர்ந்தது. இன்று சிலர் ஒவ்வொரு மருத்துவக் குறிப்பையும் ‘இஸ்லாமிய மருத்துவம்’ என்று முத்திரையிட்டு விற்க முற்படும்போது, நம் முன்னோர் இதில் எவ்வளவு தாராள மனத்தோடு இருந்தார்கள் என்பதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. தாம் கற்றது யாரிடமிருந்து என்பதை அவர்கள் மறைக்கவில்லை. நூலுக்கு நூல் ஜாலீனூஸின் பெயரைச் சொல்லிவிட்டே பேசினார்கள். தேவைப்பட்ட இடத்தில் அவரை மறுக்கவும் செய்தார்கள்.

இந்த மரபின் உச்சியில் நிற்பவர் இப்னு ஸீனா. 980இல் புகாராவுக்கு அருகில் பிறந்து, 1037இல் ஹமதானில் மறைந்தவர். ‘அல்கானூன் ஃபித் திப்’ என்ற அவருடைய ஐந்து பகுதிகள் கொண்ட நூல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோவில் லத்தீனுக்கு மாறி, பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. 1593இல் ரோம் நகரிலேயே அதன் அரபு மூலம் அச்சேறியது. இவையெல்லாம் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. ஆனால் அந்நூலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரான ஒரு பகுதி முதல் பாகத்திலேயே இருக்கிறது.

உடற்பயிற்சி பற்றிப் பேசிய பின் இப்னு ஸீனா ‘இஃயா’ என்ற களைப்புநோவை எடுத்துக்கொள்கிறார். அது ஒன்றல்ல என்பதே அவர் முதலில் சொல்வது. ஒருவகை, புண்பட்டாற்போன்ற நோவு. தொட்டாலும் அசைந்தாலும் முள் குத்துவது போல இருக்கும். இரண்டாவது, இழுத்துக் கட்டியது போன்ற விறைப்பு. உடல் அடிபட்டது போலிருக்கும், நீட்டி மடக்க முடியாது. மூன்றாவது, வீக்கம் போன்றது. உடல் வழக்கத்தை விடச் சூடாக இருக்கும், உப்பினாற்போல் தோன்றும், தொட்டால் வலிக்கும். இவற்றோடு வறட்சி போன்றதொரு நான்காம் வகையையும் சேர்க்கிறார். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

வகைக்கேற்ப மருத்துவமும் மாறுகிறது. முதல் வகைக்குப் பயிற்சியைக் குறைத்து, துவர்ப்பற்ற எண்ணெயால் தேய்த்து, மறுநாள் மிக மென்மையான பயிற்சியால் உடலை மீட்கச் சொல்கிறார். விறைப்புக்கு மென்மையான தேய்ப்பு, வெயிலில் காய்ந்த எண்ணெய், மிதவெப்ப நீரில் நீண்ட நேரம் இருத்தல். தேவையெனில் நாளைக்கு இரண்டு மூன்று முறை குளித்து, ஒவ்வொரு முறையும் எண்ணெய் பூசலாம் என்கிறார். வீக்கம் போன்ற மூன்றாம் வகைக்கு வரும்போது அவருடைய கை எவ்வளவு எச்சரிக்கையாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இறுகியதைத் தளர்த்த வேண்டும், சூடானதைத் தணிக்க வேண்டும், மிகுந்ததை வெளியேற்ற வேண்டும். அதற்கு வெதுவெதுப்பான எண்ணெயைத் தாராளமாக இட்டு, மிகமிக மெல்லத் தேய்த்து, சற்றே வெம்மை கொண்ட நீரில் நெடுநேரம் இருத்தி, ஓய்வு தர வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் இந்த இடத்தில் இல்லை.

ஆக, ‘சூடா, குளிர்ச்சியா?’ என்ற நம் வீட்டு வழக்குக்கு இப்னு ஸீனாவிடம் போனால், ‘எந்த நோவு?’ என்று அவர் திருப்பிக் கேட்பார். அவர் கொண்டிருந்த உடற்கூற்றுக் கொள்கை, அதாவது நான்கு திரவங்கள், அவற்றின் கழிவுகள் தசையில் தங்குதல் என்பது, இன்று கைவிடப்பட்டுவிட்டது. அதை நாம் மீட்டெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தொட்டுப் பார்த்து, சூடு பார்த்து, அசைத்துப் பார்த்து வகை பிரித்த அந்தக் கண் கைவிடத்தக்கதன்று. அதே பகுதியில் இன்னொரு பிரிவையும் அவர் செய்கிறார்: உழைப்பால் வந்த களைப்பு வேறு, காரணமின்றித் தானே வந்த களைப்பு வேறு. இரண்டாவது, வரப்போகும் நோயின் முன்னறிவிப்பு என்கிறார். இதற்குப் பின்னர் வருவோம்.

இத்தகைய மருத்துவம் நடைபெற்ற இடம் பெரும்பாலும் ஹம்மாம். ரோமானியரின் குளியல் மனைகளிலிருந்து வளர்ந்த இந்த அமைப்பில், குளிர்ந்த அறை, இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என்று படிப்படியாக உள்ளே செல்வார்கள். திரும்பும்போதும் அதே படிகள். ஜோர்தான் பாலைவனத்தில் எட்டாம் நூற்றாண்டு உமையாக்களின் குஸைர் அம்ரா இன்றும் நிற்கிறது. இஸ்தான்புலில் கட்டடக் கலைஞர் ஸினான் காலத்து ஹம்மாம்களில் இன்றும் மக்கள் குளிக்கிறார்கள். தமிழகத்துக் கடற்கரையில் இது வேரூன்றவில்லை. ஆண்டில் பத்து மாதம் வியர்க்கும் ஊரில் வெப்ப அறை கட்ட யாருக்குத் தோன்றும்? பெயர் மட்டும் ஒரு பச்சை நிறச் சோப்பின் மேலேறி நம் குளியலறைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மாறாக, நொச்சி இலை போட்டுக் கொதித்த நீரில் வேது பிடிப்பதும், பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் வெந்நீர் ஊற்றுவதும் நம் வீடுகளின் ஹம்மாமாக இருந்தன.

வெப்பத்தின் எல்லை நெருப்பு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது அரபு நாட்டில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்த வழக்கம். ‘கடைசி மருந்து சூடு’ என்பது அரபுப் பழமொழி. நிவாரணம் தேனிலும், இரத்தம் குத்தி எடுப்பதிலும், சூடிடுவதிலும் உண்டு என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், சூடிடுவதை விட்டும் தம் சமுதாயத்தைத் தடுத்ததாக ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. அதே வேளை, போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு இரத்தம் நிற்கச் சூடிடப்பட்டதும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த அறிஞர்கள் பலர், வேறு வழி இருக்கையில் அது விரும்பத்தகாதது, வழியற்ற இடத்தில் மருத்துவர் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தனர். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஸஹ்ராவி, தம் ‘தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியைச் சூடிடலில் தொடங்குகிறார், கருவிகளின் படங்களோடு. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் மஞ்சள் காமாலை என்றாலும் சூடு போடும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அதற்கு மரபின் பெயரையோ மார்க்கத்தின் பெயரையோ யாரும் துணைக்கழைக்க இடமில்லை.

இனித் தண்மை. அய்யூப் (அலை) அவர்களின் நோய் தீர அல்லாஹ் அளித்தது குளிர்ந்த நீரூற்று என்பதை ஸாத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஆனால் மருத்துவத்தில் பனியின் கதை, பெரும்பாலும் கிடைத்தவர்க்கே கிடைத்த ஒன்றின் கதை. இப்னு ஸீனா வலியை மரக்கச் செய்யும் பொருள்களைச் சொல்லும்போது அபினியை முதலில் வைத்து, அவ்வரிசையில் பனியையும் மிகக் குளிர்ந்த நீரையும் சேர்க்கிறார். மரத்துப்போவது நலமடைவது ஆகாது என்ற எச்சரிக்கையோடுதான் இந்த வகை மருந்துகளை அவர் அணுகுகிறார். குளிர்நீர்க் குளியலையும் வலிமையும் ஏற்ற வயதும் உள்ளவருக்கே, அதுவும் ஏற்ற பருவத்திலேயே அனுமதிக்கிறார். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வேண்டாம் என்கிறார்.

அந்நாளில் பனி அரசர்களின் பொருள். 1192இல் யாஃபாவில் காய்ச்சலில் கிடந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுக்கு, தம்மை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தவர் என்றும் பாராமல், ஸுல்தான் ஸலாஹுத்தீன் அவர்கள் பழங்களும் பனியும் அனுப்பி வைத்தார்கள். மம்லூக்குகள் காலத்தில் சிரியாவின் மலைப்பனி ஒட்டகங்களிலும் கப்பல்களிலுமாகக் கெய்ரோ அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாமானியன் வீட்டுக்குப் பனி வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் கரைந்தது போக மீந்ததே விற்பனைக்கு வந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த வட்டக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். வாலாஜா பள்ளிவாசலுக்குத் தொழச் செல்லும் திருவல்லிக்கேணி மக்கள் இன்றும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கனவான்களின் கோப்பைக்கும், காய்ச்சலில் கிடந்தோரின் நெற்றிக்கும் கடல்கடந்து வந்த பொருள் அது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட் என்ற மருத்துவர், நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைக் கலந்து தோலின் மேல் வைத்து, வலி தெரியாமல் சிறு அறுவைகள் செய்து காட்டினார். உம்மம்மாவின் உப்பு சூட்டைத் தாங்கி நின்றது. ஆர்னட்டின் உப்போ குளிரைக் கூட்டியது.

விளையாட்டுக் காயத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சொல்லாக்கிப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 1978இல் வெளிவந்த நூலில். பள்ளிகளும் மைதானங்களும் அதை மனப்பாடம் செய்தன. 2014இல் அதே மிர்கின், பனிக்கட்டி வலியைக் குறைத்தாலும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் பரிந்துரையைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் வேலையின் ஒரு பகுதி, அதை முற்றாக அடக்குவது நன்றன்று என்பது அவர் சொன்ன காரணம்.

பழகாத உழைப்புக்கு மறுநாள் வரும் நோவைப் பொறுத்தவரை, 1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், அது தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளால் வருவது என்று கூறிவிட்டார். ஓடியபோது சேர்ந்த அமிலம் தங்கிவிட்டது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடுகிறது. நோவோ அரை நாள் கழித்துத் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாள்களில் உச்சமடைகிறது. இந்நோவுக்குக் குளிர்நீரில் அமிழ்தல் பற்றிய 17 சிறு ஆய்வுகளை 2012இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, வெறுமனே ஓய்வெடுப்பதை விட அது நோவை ஓரளவு குறைக்கிறது என்றது. இடுப்புவலிக்கு மேற்பரப்பு வெப்பம் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு பயன் தருகிறது என்று 2006இல் அதே அமைப்பு கூறியது. இரண்டுமே அடக்கமான முடிவுகள். இரண்டு ஒத்தடங்களும் வலியைத் தணிக்கின்றன, தசையை ஆற்றுவது காலமே.

சென்னை மாகாணத்தில் யூனானியும் சித்தமும் ஆயுர்வேதமும் அரசின் கவனத்தைப் பெற்றது 1921இல் அமைந்த குழுவால். அதன் தலைவர் தஞ்சாவூரைச் சேர்ந்த முகம்மது உஸ்மான். 1923இல் வந்த அக்குழுவின் அறிக்கை, நாட்டு மருத்துவங்களை முறையாகக் கற்பிக்க வழிகோலியது. ஹகீம்களின் வீட்டு முற்றத்தில் இருந்த அறிவு பாடத்திட்டத்துக்கு வந்தது. இன்று அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ‘தக்மீத்’ என்ற அரபுப் பெயரில் ஒத்தடம் யூனானியின் சிகிச்சை முறைகளுள் ஒன்றாக இன்றும் இடம்பெறுகிறது.

வீட்டுக்கு வருவோம். அன்றோ முந்தைய நாளோ சுளுக்கி, வீங்கி, தொட்டால் சுடும் இடத்துக்கு வெப்பம் வேண்டாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் வலி மட்டுப்படும். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும். வீக்கமில்லாத விறைப்பு, பிடிப்பு, நாட்பட்ட இடுப்புவலி ஆகியவற்றுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், பதினைந்து இருபது நிமிடம். வறுத்த உப்பின் கிழியை முதலில் கொடுப்பவரின் முன்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் விஷயம் தனி. கால் மரத்துப்போன முதியவருக்கு வெந்நீர்ப் பை வைத்தால் அது சுடுவது அவருக்குத் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் வீட்டார் அறிவார்கள். ஆறாத அந்தப் புண் விரலையோ பாதத்தையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. ஆகவே மரத்த காலுக்கு வெந்நீரும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம்.

இப்னு ஸீனா பிரித்துக் காட்டிய, தானே வரும் களைப்புக்கு இங்கே இடமுண்டு. உழைப்பு ஏதுமின்றி ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது, மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெடுந்தொலைவு விமானப் பயணம் செய்து உம்ராவிலிருந்து திரும்புவோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. மார்பிலும் இடத்தோளிலும் இறுக்கமும் வியர்வையும் வந்தவருக்கு ‘வாயுப் பிடிப்பு’ என்று ஒத்தடம் கொடுத்துக் கழித்த ஒரு மணி நேரம், இதயத்துக்கு உரிய நேரம். கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைலங்களைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் 1928இல் தோன்றிய கோடாலித் தைலம் நம் பயணப் பைகளில் வந்துகொண்டே இருக்கிறது. அதிலுள்ள மெந்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி, குளிர்ந்தது போல் எண்ணச் செய்கிறது. மிளகாயின் காரமும் அவ்வாறே வெப்பத்தை உணரும் முனைகளைத் தூண்டுகிறது. இந்த உணர்விகளைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸும், பெய்ரூத்தில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தைலம் தடவிய இடத்தின் மேல் வெந்நீர்ப் பையை வைப்பவர்கள் உண்டு. தைலத்தின் குளிர்ச்சி சூட்டை உணரவிடாது, தோல் வெந்துவிடும். முதலில் ஒத்தடம் கொடுத்து, தோல் ஆறிய பின்பே தைலம் தடவ வேண்டும்.